வேகம் விண்டோஸுக்கு, காத்திருப்பு கேமுக்கு

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வோரிடையே பல ஆண்டுகளாக ஒரு வழக்கம் இருக்கிறது. விண்டோஸுக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி, கேம்களுக்கு 1 டிபி ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டி எட்டாத விலையில் இருந்த காலத்தில் இது நல்ல சமரசம்தான். பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் சட்டென்று எழுந்துகொண்டது, இடத்துக்கும் பஞ்சமில்லை.

ஆனால் கொடுத்த காசுக்கு வேகம் எங்கே போய்ச் சேர்ந்தது? விண்டோஸ் நாளுக்கு ஒருமுறை பூட் ஆகிறது. பெரிய திறந்தவெளி கேம் ஒன்றோ, விளையாடும் நேரமெல்லாம் டிரைவிலிருந்து எதையாவது படித்துக்கொண்டே இருக்கிறது. ஓயாத வேலையை மெதுவான டிரைவிடம் கொடுத்துவிட்டு, வேகமானதைச் சும்மா உட்கார வைத்திருக்கிறோம்.

ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. தேவையான இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4 மில்லி விநாடி ஆகும். முனை தடம் மாறுவதற்கு இன்னும் எட்டு, ஒன்பது மில்லி விநாடி. நீளமான ஒரே கோப்பை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் படிக்கிற டிஸ்க், ஆயிரம் துண்டுகளாகச் சிதறிய தரவைத் தேடும்போது ஓரிரு எம்பிக்குத் திணறுகிறது. கேம் கேட்பது பெரும்பாலும் அந்தச் சிதறல்களைத்தான். அசையும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு இந்தத் தேடல் ஒரு பொருட்டே அல்ல.

இந்தக் குறையை மறைக்க கேம் தயாரிப்பாளர்கள் பட்ட பாடு தனிக்கதை. 2007இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட்’டில் லிஃப்டுக்குள் நின்றே நேரம் போகும், கதவுக்கு அப்பால் அடுத்த பகுதி லோடாகிக்கொண்டிருக்கும். இன்னொரு வழி, ஒரே தரவைப் பல இடங்களில் எழுதி வைப்பது. முனை எங்கே இருந்தாலும் பக்கத்திலேயே ஒரு பிரதி கிடைத்துவிடும். ‘ஸ்பைடர்மேன்’ கேமில் சில தரவுகள் 400 முறை எழுதப்பட்டிருந்ததாக, பிளேஸ்டேஷன் 5 வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச் உரையில் சொன்னார்.

இதன் சுமை எஸ்எஸ்டி வைத்திருப்பவர் தலையிலும் விழுந்தது. ‘ஹெல்டைவர்ஸ் 2’ கேமின் கம்ப்யூட்டர் பதிப்பு இப்படித்தான் 150 ஜிபியைத் தாண்டியது. 2025 டிசம்பரில் பிரதிகளை நீக்கிப் பார்த்தார்கள். 23 ஜிபியாகச் சுருங்கியது. ஹார்டு டிஸ்க்கில் லோடிங் நேரமாவது எகிறியதா என்றால், சில விநாடிகள்தான் கூடியது. அந்த கேமில் நேரத்தைத் தின்றது டிரைவ் அல்ல, களத்தை உருவாக்கும் கணக்கீடு. எல்லாக் காத்திருப்புக்கும் ஹார்டு டிஸ்க்கைப் பழிப்பதும் சரியில்லை என்பதை இதில் கவனிக்க வேண்டும்.

ஆனாலும் காற்று திசை மாறிவிட்டது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் எஸ்எஸ்டியோடுதான் வந்தன. 2023இல் வெளியான ‘ஸ்டார்ஃபீல்ட்’ 125 ஜிபி, ‘பால்டர்ஸ் கேட் 3’ 150 ஜிபி எஸ்எஸ்டி இடத்தைக் குறைந்தபட்சத் தேவையாகவே அறிவித்தன. கூட்டிப் பாருங்கள்: விண்டோஸ் இல்லாமலேயே 256 ஜிபியில் இரண்டும் அடங்காது.

அதற்காக எதிர்த்திசையில் ஓடுவதும் வீண். சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி தரும். நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டி 7,000 எம்பி தரும். பெட்டியில் அச்சிட்ட கணக்கில் இது பன்னிரண்டு மடங்குக்கு மேல். இன்றைய பெரும்பாலான கேம்களில் லோடிங் வித்தியாசமோ ஓரிரு விநாடிதான். சுருக்கி வைத்த தரவைப் பிராசஸர் விரிக்கும் வேகம் அங்கே குறுக்கே நிற்கிறது. இந்தத் தடையைக் குறைக்க மைக்ரோசாஃப்டின் டைரக்ட்ஸ்டோரேஜ் 2022இல் வந்தும், அதைப் பயன்படுத்தும் கேம்கள் சொற்பம். எந்த எஸ்எஸ்டியும் சராசரி எஃப்பிஎஸ்ஸைக் கூட்டாது. நடுவே வரும் திக்கலை வேண்டுமானால் குறைக்கும். மிச்சப் பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும்.

ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு நியாயமான வேலை இருக்கிறது. 100 ஜிபி கேமை 100 எம்பிபிஎஸ் இணையத்தில் இறக்க இரண்டேகால் மணி நேரம் ஆகும். டேட்டா வரம்பு வேறு. அதே கேமை ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்து, ஸ்டீமில் உள்ள வசதியால் எஸ்எஸ்டிக்கு நகர்த்தினால் கால் மணிக்குள் முடிந்துவிடும். ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ போன்ற பழைய கேம்கள் ஹார்டு டிஸ்க்கிலேயே ஓடட்டும். ரெக்கார்டு செய்த வீடியோக்களுக்கும் அதுதான் இடம். இன்னொன்று: சாகப்போகும் ஹார்டு டிஸ்க் பல நேரம் சத்தம் போட்டு எச்சரிக்கும், எஸ்எஸ்டி திடீரென்று நின்றுவிடலாம்.

2025 கடைசியில் ஏஐ தரவு மையங்களின் தேவையால், எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃபிளாஷ் மெமரியின் விலை ஏறத் தொடங்கியது. பழைய சமரசம் மறுபடி மலிவாகத் தெரியும். ஆனாலும் இரண்டு டிரைவ் வாங்குவதைவிட 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றே ஒன்று வாங்கி, விண்டோஸையும் கேம்களையும் அதிலேயே வையுங்கள். ஹார்டு டிஸ்க்கை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். வாங்குமுன் மதர்போர்டின் எம்.2 ஸ்லாட் என்விஎம்இயை ஏற்குமா, சாட்டாவை மட்டும்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.