மேஜைக்கு அந்தப் பக்கம்

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இந்தியர்களைப் பற்றி அந்த நாட்டில் நடக்கும் சண்டை இன்று நேற்று தோன்றியதல்ல. இருந்தாலும் 2024 டிசம்பரில் அது கிளம்பிய வேகத்தைப் பார்த்து நம்மவர்கள் சற்றுத் திகைத்துத்தான் போனார்கள். பதவியேற்கக் காத்திருந்த டிரம்ப், சென்னையில் பிறந்து காட்டாங்கொளத்தூரில் பொறியியல் படித்த ஸ்ரீராம் கிருஷ்ணன் என்பவரைச் செயற்கை நுண்ணறிவு சம்பந்தமான ஆலோசகராக அறிவித்தார். உடனே டிரம்பின் ஆதரவாளர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டார்கள். எலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் வெளிநாட்டுத் திறமைசாலிகள் வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் எங்கள் பிள்ளைகளின் வேலை என்ன ஆவது என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து ஒருவரைப் புதிதாக எச்-1பி விசாவில் அழைத்துக்கொள்ள 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று உத்தரவே பிறந்துவிட்டது.

இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. முப்பது வருஷங்களுக்கு மேலாக லட்சக்கணக்கான குடும்பங்களின் வாழ்வை இழுத்துப் போகிற இந்த விஷயத்தை இலக்கியம் எப்படிப் பார்த்திருக்கிறது? பத்திரிகைகளிலும் மேடைகளிலும் இரண்டே இரண்டு சித்திரங்கள்தாம் கிடைக்கின்றன. ஒன்றில் இந்தியன் மேதை. மற்றொன்றில் அவன் பிறர் சோற்றைத் தட்டிப் பறிக்கிறவன். இரண்டிலும் மனிதனைக் காணோம். மனிதனைக் காட்ட வேண்டியது நாவலாசிரியன் கடமை.

அந்தக் கடமையைச் செய்ய முயன்ற ஒரு நாவலை எடுத்துக்கொள்கிறேன். ஹரி குன்ஸ்ரு என்பவர் 2004-ல் ஆங்கிலத்தில் எழுதிய 'டிரான்ஸ்மிஷன்'. ஆசிரியர் லண்டனில் பிறந்தவர். தகப்பனார் காஷ்மீரத்தைச் சேர்ந்தவர், தாயார் ஆங்கிலப் பெண்மணி. கதாநாயகன் அர்ஜுன் மேத்தா, வட இந்திய மத்தியதர வர்க்கத்துப் பையன். கம்ப்யூட்டரும் சினிமாவும் தவிர வேறு உலகம் அறியாதவன். ஆள் பிடித்து அனுப்பும் ஒரு கம்பெனி அவனைத் தேர்ந்தெடுத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. போய் இறங்கிய பிறகுதான் தெரிகிறது, அங்கே அவனுக்கென்று ஒரு வேலையும் காத்திருக்கவில்லை என்பது. தன்னைப் போன்ற மற்றப் பையன்களோடு ஒரே வீட்டில் அடைந்து கிடக்கிறான். ஊருக்கோ, தான் பிரமாதமாக இருப்பதாகச் செய்தி போகிறது. கடைசியில் ரெட்மாண்டில், கம்ப்யூட்டர் வைரஸ்களை ஒழிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைக்கிறது. கொஞ்ச நாள் நிம்மதி. பிறகு ஆட்குறைப்பு. வேலையைத் திரும்பப் பெற அவனுக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. தானே ஒரு வைரஸை உண்டாக்கி உலவ விட்டு, அதற்கு மாற்றும் தானே கண்டுபிடித்துக் கொடுத்தால்? யோசனை கைமீறிப் போகிறது. அவன் பித்தாக இருந்த நடிகையின் உருவத்தைத் தாங்கிக்கொண்டு அந்த வைரஸ் உலகத்தையே ஸ்தம்பிக்கச் செய்கிறது. அவன் தப்பி ஓடி, மெக்ஸிகோ எல்லைப் பக்கம் மறைந்துபோகிறான்.

நாவலின் முற்பகுதியை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தத் தொழிலில் 'பெஞ்ச்' என்று ஒரு சொல் உண்டு. வேலையில்லாமல், ஆனால் வேலைக்காரன் என்ற பெயரோடு, அடுத்த அழைப்புக்குக் காத்திருப்பதுதான் அது. அப்படிக் காத்திருக்கும் நாட்களுக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் 1998-லேயே சொல்லிவிட்டது. சட்டம் சொன்னால் போதுமா? ஷியாங் பியாவ் என்ற ஆராய்ச்சியாளர் ஹைதராபாத்திலும் சிட்னியிலும் இத்தகையவர்களோடு பழகி 2007-ல் ஒரு நூல் வெளியிட்டார். இந்த ஆள் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை அதில் படித்தால், குன்ஸ்ரு கற்பனையில் அதிகம் சேர்த்துவிடவில்லை என்பது புரியும். கார் இல்லாதவன் கலிபோர்னியாவின் அகன்ற சாலையோரத்தில் நடந்து போகும்போது அடையும் கூச்சம், வீட்டுக்குச் சொல்லும் பொய் நாளுக்கு நாள் வளர்ந்து பெரிய பாரமாவது, வேலை போகிறது என்றதும் மேலதிகாரியிடம் மானத்தை விட்டு மன்றாடுவது — இவையெல்லாம் நல்ல எழுத்தாளனின் கண்ணுக்கு மட்டுமே படக்கூடிய விஷயங்கள்.

ஆனால் வைரஸ் வந்ததும் நாவல் வேறு வண்டியில் ஏறிவிடுகிறது. லண்டனில் ஒரு விளம்பரக்காரன், ஸ்காட்லாந்தில் சினிமாப் படப்பிடிப்பு, ஐரோப்பிய எல்லைக் காவல் என்று கதை ஓடுகிறது. அந்த விளம்பரக்காரனையே யாரோ என்று தவறாக எண்ணி நாடு கடத்திவிடுகிறார்கள். ஹாஸ்யம் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குள்ள குறை ஹாஸ்யத்தைப் பற்றியதல்ல. வேலை இழந்த ஆயிரம் அர்ஜுன்களில் ஒருவனாவது உலகத்தை ஸ்தம்பிக்கச் செய்ததுண்டா? அவர்கள் செய்வதெல்லாம் வீட்டு வாடகையைக் கணக்குப் பார்ப்பது, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் பண்ணுவது, மனைவியிடம் எப்போது சொல்லலாம் என்று யோசிப்பது. அந்தச் சாதாரணத்தைத் தாங்க முடியாமல் ஆசிரியர் தம் பாத்திரத்தைச் சாகசக்காரனாக்கித் தப்பித்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அர்ஜுனுக்கு எதிரே நாவலில் ஆளே இல்லை. அவனோடு வேலை செய்யும் அமெரிக்கப் பெண் அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறாள், நட்பு கொள்கிறாள். அவனால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவன் வரவினால் சோறு போனவன், அல்லது போய்விட்டதாக நம்புகிறவன், கதைக்குள் வரவே இல்லை. வராத ஆளோடு சண்டை எப்படி நடக்கும்?

அப்படிப்பட்ட ஆள் நிஜத்தில் இருக்கிறான். 2014 அக்டோபரில் ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ நகரத்து டிஸ்னி நிறுவனத்தில் சுமார் 250 கம்ப்யூட்டர் ஊழியர்களுக்கு, ஜனவரி இறுதியோடு வேலை இல்லை என்று சொன்னார்கள். அவர்களில் பலருடைய வேலையை எடுத்துக்கொள்ள ஓர் இந்திய நிறுவனத்தின் மூலம் தாற்காலிக விசாவில் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டியதும் போகிறவர்களுடைய பொறுப்பே. கற்றுக்கொடுத்துவிட்டுப் போனால்தான் விலகும்போது கிடைக்கும் தொகை கைக்கு வரும். அப்படிக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் 2016-ல் அமெரிக்க செனட் சபையின் குழு முன்னால் சாட்சி சொல்லும்போது அழுதுவிட்டார்.

இந்தக் கற்றுக்கொடுத்தலுக்கு நம் பையன்கள் 'கே.டி.' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'நாலெட்ஜ் டிரான்ஸ்பர்' என்பதன் சுருக்கம். சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் அன்றாடம் புழங்கும் வார்த்தை. ஆர்லாண்டோவில் அது எப்படி நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மேஜை. இந்தப் பக்கம் ஐம்பதை நெருங்கும் ஒருவர், தாம் பத்து வருஷம் கட்டிக் காத்த இயந்திரத்தின் கோளாறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். அந்தப் பக்கம் இருபத்தைந்து வயதுப் பையன் குறித்துக்கொள்கிறான். சந்தேகம் கேட்கிறான். கேட்காவிட்டால் அவன் வேலை கெடும். கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் எதிரே இருப்பவருடைய வேலைக்கு வைக்கிற கொள்ளி. மத்தியானம் ஆகிறது. சாப்பிடக் கூப்பிடலாமா, கூடாதா? எத்தனை வாரம்! ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? குன்ஸ்ரு நாவலை எழுதி முடித்துப் பத்து வருஷம் கழித்து நடந்தது இது என்பது வாஸ்தவம். ஆனால் இந்த வழக்கம் அதற்கு முன்பே அங்கே இருந்தது.

இந்த மேஜையைப் போட்டது யார் என்று கேட்டால் கதை இன்னும் ஆழமாகும். எச்-1பி விசா 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டானது. வருஷத்துக்கு 65,000 பேர். அமெரிக்காவிலேயே மேற்படிப்புப் படித்தவர்களுக்கு மேற்கொண்டு 20,000. சமீப வருஷங்களில் அனுமதி பெற்ற மனுக்களில் 100-க்கு 70-க்கு மேல் இந்தியர்களுடையவை. இத்தகைய ஊழியர்களையே பெரிதும் நம்பியிருக்கும் நிறுவனங்கள், முதலில் உள்ளூர் ஆளைத் தேட வேண்டும், உள்ளூர் ஆளை விலக்கிவிட்டு இவர்களை வைக்கக் கூடாது என்று 1998-ல் ஒரு நிபந்தனை வந்தது. கூடவே ஒரு வாசலையும் திறந்து வைத்தார்கள். ஆண்டுச் சம்பளம் 60,000 டாலர் கொடுத்தால் அந்த நிபந்தனை பொருந்தாது. அன்றைக்கு அது பெரிய தொகை. அதன் பிறகு விலைவாசி எங்கேயோ போய்விட்டது. தொகை மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது.

அந்தப் பக்கத்துப் பையனையும் பார்ப்போம். அவன் விசாவில் அவன் பெயரோடு முதலாளியின் பெயரும் பிணைந்திருக்கிறது. வேறு முதலாளி மனுப் போட்டால் மாறிக்கொள்ளலாம். அந்த வசதி சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வேலை போய்விட்டால் 60 நாட்களுக்குள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். நிரந்தரமாகத் தங்கலாம் என்றாலோ, அந்த அனுமதியில் எந்த ஒரு நாட்டுக்கும் 100-க்கு 7-க்கு மேல் கிடையாது என்று ஒரு வரம்பு. சின்ன நாட்டுக்கும் அதே ஏழு, இந்தியாவுக்கும் அதே ஏழு. ஆகவே இந்தியர்களின் வரிசை பல பத்து வருஷங்களுக்கு நீண்டு கிடக்கிறது. தகப்பனுக்கு முறை வருவதற்குள் குழந்தைக்கு 21 வயதாகி, வரிசையிலிருந்தே விழுந்துவிடுவதும் உண்டு. இப்படிக் காத்திருக்கிறவன் ஆபீஸில் மாட்டேன் என்று சொல்வானா? ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் வருவான். முதலாளிக்கு அவனைப் பிடிக்கிற காரணம் இது. பக்கத்து நாற்காலிக்காரருக்கு அவனைப் பிடிக்காத காரணமும் இதுவே. அவனுடைய பணிவைப் பார்த்து ஒருவர் திறமை என்கிறார், மற்றவர் தந்திரம் என்கிறார். அது பயம் என்று சொல்ல ஒரு நாவலாசிரியன் வேண்டியிருக்கிறது.

பயமும் கோபமும் காகிதத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கும்போது என்ன ஆகும் என்பதற்கும் சாட்சியம் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் கான்சாஸ் மாநிலத்து ஓலேத் நகரில், வேலை முடிந்து ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு இந்தியப் பொறியாளர்களை ஒருவன், என் நாட்டை விட்டுப் போங்கள் என்று சொல்லிச் சுட்டான். ஒருவர் இறந்துபோனார்; மற்றவர் காயத்தோடு பிழைத்தார். தடுக்க ஓடிய ஓர் அமெரிக்க இளைஞரும் குண்டடி பட்டார். அந்தக் கோபத்துக்கு இன்னார் என்ன விசாவில் வந்தார், யாருடைய வேலையில் இருக்கிறார் என்ற கேள்வியே எழவில்லை. தோலின் நிறம் போதுமாயிருந்தது. ஆர்லாண்டோவில் வேலை இழந்தவரின் துக்கத்தையும் ஓலேத்தில் சுட்டவனின் வெறியையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது பெரிய அநியாயம். இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரிவதுதான் எழுத்தாளனுக்குப் பரீட்சை.

நம் தமிழ்க் கதைகளுக்கு வருகிறேன். 'அமெரிக்க மாப்பிள்ளை' நம் பத்திரிகைக் கதைகளிலும் சினிமாவிலும் நெடுங்காலமாக இருந்து வருகிறார். முதலில் பெண்ணைப் பெற்றவர்களின் கனவாக வந்தார். பிறகு தாயின் கடைசிக் காரியத்துக்கும் வர முடியாத பிள்ளையாக வந்தார். இரண்டு விதத்திலும் நம் கதை விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. பிள்ளை உள்ளே போகிறான், கண்ணாடிக் கதவு மூடுகிறது, தாய் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். கதவுக்கு அப்பால் அவன் எந்த மேஜையில், யார் எதிரில் உட்காருகிறான் என்பது நமக்கு வேண்டாத விஷயம். கம்ப்யூட்டர்க்காரனின் தொழில் வாழ்வையே பொருளாக எடுத்துக்கொண்ட இரா. முருகனின் 'மூன்று விரல்' போன்றவை விதிவிலக்கு. விதிவிலக்குகளை எண்ண ஒரு கை விரல்கள் போதும் என்பதே என் வருத்தம்.

புதுமைப்பித்தன் இப்படி நிற்கவில்லை. 'துன்பக் கேணி'யில் மருதியைத் துறைமுகத்தில் வழியனுப்பிவிட்டு அவர் ஊர் திரும்பவில்லை. அவளோடு கடல் கடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குள் போனார். அந்தத் தோட்டங்களில் ஒரு காலத்தில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. கூலியாளின் கடன் இவ்வளவு என்று எழுதியிருக்கும். அது இல்லாமல் அவனை வேறு தோட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். 1921-ல்தான் அது ஒழிந்தது. கம்ப்யூட்டர் பொறியாளரையும் தேயிலைத் தோட்டத் தொழிலாளியையும் ஒரே தட்டில் வைப்பது அபத்தம் என்று வாசகர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். இவனுக்குக் காரும் வீடும் உண்டு. அவனுக்கு லயத்தில் ஓர் அறை. ஆனால் ஒரு மனிதனின் நடமாட்டம் இன்னொருவர் கையிலுள்ள காகிதத்தில் அடங்கியிருப்பது என்ன செய்யும் என்று அறிய, அந்தப் பழைய கதைகள் நமக்கு இன்றும் துணை.

நல்ல சம்பளம் வாங்குகிறவனுக்கு என்ன சோகம் என்று சிலர் கேட்கலாம். சோகத்துக்குச் சம்பள வரம்பு கிடையாது. நம் பையன்களைப் பற்றி எழுதும்போது அமெரிக்கனுக்கு ஏன் கண்ணீர் என்று வேறு சிலர் கேட்கலாம். அந்தக் கண்ணீர் இல்லாவிட்டால் நம் பையனின் கதையும் அரைக் கதைதான். எதிரே இருப்பவர் அழுததைப் பார்த்தவன் அவன். பார்த்துவிட்டு அடுத்த நாள் அதே நாற்காலிக்குப் போனவன். அவன் மனத்தில் அன்றிரவு என்ன நடந்தது என்பதை எழுத, மேஜையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து பார்த்தவர் வேண்டும்.

அந்த நாவல் ஆங்கிலத்தில்தான் வர வேண்டும் என்பதில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் தமிழில் நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது பேனாவை எடுக்க வேண்டும்.