மேல்நீர்த் தூண்டிலும் மட்டக்களப்பு வாவியும்

மிதக்கும் போலி இரை ஒன்றை நீரின் மேல் வைத்து, அடியில் நிற்கும் மீனை எழுப்பிப் பிடிப்பது மேல்நீர்த் தூண்டில். அமெரிக்காவில் பொட்டோமக் போன்ற ஓதமேறும் ஆறுகளில் லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்காக இந்தக் கலை மிக நுணுக்கமாக வளர்ந்திருக்கிறது. அதிலும் ஃபிளை தூண்டிலால் பிடிப்பதையே பலர் உயர்வாக மதிக்கிறார்கள். அந்த மீன் மட்டக்களப்பு வாவியில் இல்லை. ஆனால் நீரின் மேல் வந்து அடிக்கும் மீன்கள் இரண்டு இங்கே உண்டு: உவரில் கொடுவா, நன்னீரில் விரால். ரப்பர் தவளையும் மிதக்கும் லூரும் கொண்டு இவற்றைத் தேடும் இளைஞர்களை இன்று வாவியின் இரு கரைகளான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பார்க்கலாம். ஆகவே இந்த முறை வாவிக்குப் பொருந்துமா, எந்த அளவுக்குப் பொருந்தும் என்று இப்போதே எடைபோட வேண்டியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறையை வரவேற்கலாம். அந்நிய மீனை ஒருபோதும் வரவிடக்கூடாது. முறையிலும் அதன் அன்பர்கள் பேசாமல் விடும் பெரிய குறை ஒன்று இருக்கிறது: மீன் மேலே வந்து அடிப்பதற்குப் பசி மட்டுமே காரணமில்லை.

முதலில் இதன் தொழில்நுட்பம். சாதாரண றொட்டில் இரையின் அல்லது ஈயத்தின் கனம்தான் நூலை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை தூண்டிலில் கனம் நூலில் இருக்கிறது. தடித்த நூலை முன்னும் பின்னும் வீசி, அது காற்றில் விரியும் வேகத்தில் எடையே இல்லாத இரையைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். கொடுவாவுக்கு 8ஆம் எண் நூலோ அதற்கு மேற்பட்டதோ தேவை. நுனியில் கட்டுவது பொப்பர்: குழிந்த முகமுள்ள தக்கை அல்லது நுரைத் துண்டு, பின்னால் சில இறகுகள், ஒரே ஒரு தூண்டில் முள்.

கண்ணா வேரிலிருந்து ஒரு முழத்துக்குள் அது விழ வேண்டும். விழுந்ததும் அசைக்கக்கூடாது, அது எழுப்பிய வட்ட அலைகள் அடங்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு நூலைக் கையால் ஒரு சாண் சுண்டினால் குழிந்த முகம் நீரை வாரி ‘ப்ளக்’ என்று ஒலிக்கும். மறுபடியும் காத்திருப்பு. கொடுவா இரையைக் கடிப்பதில்லை. வாயைச் சடாரென்று திறந்து சுற்றியுள்ள நீரோடு சேர்த்து உள்ளே இழுக்கிறது. அந்தச் சத்தம் கேட்ட கணத்தில் இழுப்பவன் இரையை அதன் வாயிலிருந்தே பிடுங்கிவிடுவான். நூல் நகர்ந்து கையில் பாரம் தெரிந்த பிறகே இழுக்க வேண்டும். கண்ணும் காதும் சொல்வதைக் கை அரை நொடி கேளாதிருக்கப் பழகுவதுதான் இந்தக் கலையில் கடினமான பாடம்.

இதன் நன்மைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முள் ஒன்றே என்பதாலும், மீன் அடிப்பது மேற்பரப்பில் என்பதாலும், பெரும்பாலும் உதட்டோரத்தில்தான் மாட்டும். உயிர் இரை போட்டுக் காத்திருக்கும் தூண்டிலில் மீன் இரையைக் குடல்வரை விழுங்கிவிடும். அதை உயிரோடு விடுவது அரிது. மும்முள் கொளுக்கிகள் தொங்கும் லூர் கண்ணையும் செவுளையும் கிழிக்கும். தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையோ குஞ்சு, தாய், உண்ண உதவாத மீன் எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளும். அறுந்து மூழ்கினாலும் நீருக்கடியில் கொன்றுகொண்டே இருக்கும். இவற்றோடு ஒப்பிட்டால் ஒரு தடவையில் ஒரு மீனை நாடுகிற, வேண்டாததைத் திருப்பி விடக்கூடிய கருவி இது. நீரைப் படிக்கவும் கற்றுத்தருகிறது. மணலைக் குஞ்சுகள் எங்கே சிதறித் துள்ளுகின்றன, இறால் எந்த ஓரத்தில் ஒதுங்குகிறது என்று தெரியாதவனுக்கு இந்தத் தூண்டிலில் எதுவும் மாட்டாது. அத்தாங்கு போடும் பெண்களும் வீச்சுவலைக்காரரும் சிறுவயதிலேயே கற்றுக்கொண்ட பாடம் அது.

ஆனால் அமெரிக்க நூல்களில் உள்ள ஓதக் கணக்கை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. வாஷிங்டன் நகரத்தருகே பொட்டோமக் நாளுக்கு இருமுறை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஏறி இறங்குகிறது. நீர் வடியும்போது புல்லுக்குள் இருக்கும் சிறுமீன்கள் ஓடை முகத்துக்கு வந்தாக வேண்டும். பாஸ் அங்கே காத்திருக்கும். தூண்டில்காரரும் ஓத அட்டவணையைப் பார்த்தே புறப்படுகிறார்கள். இலங்கைக் கரையில் ஓதம் ஒரு மீட்டரை எட்டுவதில்லை. ஏறக்குறைய 56 கி.மீ. நீண்டு கிடக்கும் நம் வாவியின் உட்பகுதியில் அந்தச் சிறு ஓதமும் தேய்ந்துவிடுகிறது. பாலமீன்மடு முகத்துவாரம் மணலால் மூடிக் கிடக்கும் மாதங்களில் அதுவும் இல்லை. இங்கே நீரை ஏற்றி இறக்குவது வடகீழ்ப் பருவமழை. வெள்ளம் வயல்களை மூழ்கடிக்கும்போது மணல்திட்டை வெட்டிவிட்டால் நீர்மட்டம் சட்டென்று இறங்கும். உவரும் நன்னீரும் இடம் மாறும். அதுவரை சிதறியிருந்த மீன் ஓடை முகங்களிலும் முகத்துவாரத்திலும் நெருங்கி நிற்கும். அமெரிக்கன் ஆறு மணி நேரத்தில் காணும் மாற்றத்தை நாம் ஒரு பருவத்தில் காண்கிறோம். இதைச் சொல்லத் தெரிந்தவர் வாவி மீனவர்தான்.

காற்றும் இடைஞ்சல். கச்சான் வீசும் மாதங்களில் நண்பகலுக்குப் பிறகு எடையற்ற இரையைக் குறித்த இடத்தில் வைப்பது பெரும்பாடு. முழங்கால் நீரில் இறங்கி நின்று வீசும் அமெரிக்கப் பழக்கமும் இங்கே ஆகாது. வாவியில் முதலை உண்டு. தோணியிலோ கரையிலோ நிற்பதே புத்தி.

இனி மீன். பாஸை இலங்கை நீர்களில் விடலாமே என்று ஆசையோடு கேட்போரை நான் அறிவேன். 1952இல் திலாப்பியா வந்ததே, குளங்களை அண்டிய ஏழைகளுக்கு அது சோறும் கறியுமாக ஆகவில்லையா என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் திலாப்பியா பாசியும் மட்கும் தின்று பெருகும் மீன். பாஸ் பிற மீனைத் தின்று பெருகும் மீன். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அது இருக்கிறது. குவாத்தமாலாவின் அத்தித்லான் ஏரியில் 1958இல் சுற்றுலாத் தூண்டிலுக்கென்றே அதை விட்டார்கள். சிறுமீனையும் நண்டையும் அது தின்று தீர்த்தது. அந்த ஏரியில் மட்டுமே வாழ்ந்த பறக்க முடியாத முக்குளிப்பான் இன்று உலகிலேயே இல்லை. அந்த அழிவுக்கு வேறு காரணங்களும் உண்டு, பாஸும் ஒரு காரணம். ஜப்பானுக்கு 1925இல் போன மீன் பீவா ஏரி வரை பரவியது. 1932ஆம் ஆண்டின் அமெரிக்க உலகச் சாதனைக்கு நிகராக 10 கிலோவைத் தாண்டிய பாஸ் 2009இல் அங்கே பிடிபட்டது. தூண்டில்காரருக்கு அது கொண்டாட்டம். ஷிகா மாகாண அரசோ பிடித்த பாஸை மீண்டும் ஏரியில் விடுவதையே 2003 முதல் தடுத்திருக்கிறது. பிடித்து விடுதல் எல்லா நீரிலும் புண்ணியம் என்று நம்புகிறவர்கள் பீவாவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் மீன்களிடம் வருவோம். குறை அதிகம் தென்படுவது இங்கேதான்.

விரால் குஞ்சு பொரித்ததும் தாயும் தந்தையும் சேர்ந்து காவல் நிற்கும். செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் திரளாக மேலே வந்து மூச்செடுத்துக் கீழே போகும்போது, அந்த இடத்தில் நீர் மழைத்துளி விழுவதைப் போலப் பொரியும். அந்தத் திரளுக்கு நடுவே ரப்பர் தவளையை இழுத்தால் பெற்ற மீன் தப்பாமல் அடிக்கும். பசியால் அடிப்பதில்லை, குஞ்சைத் தின்ன வந்த எதிரி என்று எண்ணி அடிக்கிறது. மேல்நீர்த் தூண்டிலில் விரால் பிடிப்பதற்கு இதைவிட எளிய வழி கிடையாது; அதனாலேயே பலர் குஞ்சுத் திரளைத் தேடிப் போகிறார்கள். பாஸிலும் இதே கதை. அங்கே கூடு காப்பது ஆண் மீன். அமெரிக்கத் தூண்டில்காரரிடையே கூடு காக்கும் மீனைப் பிடிக்கலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. காவலைத் தூக்கிவிட்டால் சில நிமிடங்களுக்குள்ளேயே மற்ற மீன்கள் குஞ்சுகளை மேயத் தொடங்கும். அரை மணி நேரம் படம் எடுத்துவிட்டுத் தாயைத் திருப்பி விட்டாலும் திரும்பி வர அதற்குக் குஞ்சு இருக்காது. விராலை உண்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு மீனைப் பிடிப்பதாகச் சொல்லி ஒரு தலைமுறையைப் பிடிப்பதை மறுக்கிறேன்.

கொடுவாவின் கணக்கு வேறு. அது ஆணாக முதிர்ச்சியடைந்து, சில ஆண்டுகள் ஆணாக இருந்து, ஒரு மீட்டரை நெருங்கும் பருவத்தில் பெண்ணாக மாறும் மீன். எனவே பெரிய கொடுவாக்கள் ஏறக்குறைய எல்லாமே பெண். ஒரு பெரிய தாய் கோடிக்கணக்கில் முட்டையிடும். அதற்கு உவர் மிகுந்த நீர் வேண்டும் என்பதால் முகத்துவாரத்தைத் தேடி வரும். தூண்டில்காரரின் கனவோ பெரிய மீன். அவர் நிற்க விரும்பும் இடமும் முகத்துவாரம். இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் விளையாட்டு வலையைவிடக் கொடியதாகக்கூட ஆகலாம், ஏனெனில் அது தேர்ந்தெடுத்து எடுப்பது தாயை. குயின்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் இதனால்தான் 58 செ.மீ.க்குக் குறைந்த கொடுவாவையும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் எடுக்கக்கூடாது என்று விதித்து, நவம்பர் முதல் பெப்ரவரி தொடக்கம்வரை பிடிப்பதையும் நிறுத்தி வைக்கிறார்கள். அந்த எண்களை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. இலங்கைக் கொடுவாவில் ஒரு வகையைத் தனி இனமென்று ரோகான் பெத்தியாகொடவும் அந்தனி கில்லும் 2012இல் விவரித்திருக்கிறார்கள். நம் மீனின் வளர்ச்சியை நாமே அளக்க வேண்டும். வெளியிலிருந்து பண்ணைக் குஞ்சு வாங்கி வாவியில் விடும் யோசனைக்கும் அந்தக் கண்டுபிடிப்பு ஓர் எச்சரிக்கை.

பிடித்து விடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூடான நீரில் உயிர்வாயு குறைவு. கச்சான் மாதத்தில் நீண்ட நேரம் போராட வைத்த மீன் நீந்திப் போனாலும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. மெல்லிய நூலில் பெரிய மீனை வெல்வதை வீரமாகப் பேசுவது, மீனின் பக்கத்திலிருந்து பார்த்தால், துன்பத்தை நீட்டுவது மட்டுமே. வலுவான நூல், செதில்முனை நசுக்கிய முள், தாடையில் தொங்கவிடாமல் நீருக்குள்ளேயே விடுவித்தல்: இவை இல்லாமல் விடுவதாகச் சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

கடைசியாக, நீர் யாருடையது என்ற கேள்வி. போர்க்காலத்தில் இரவில் தோணி இறக்கவும் தடையிருந்த வாவி இது. அந்தத் தடைகளைத் தாங்கியவர்கள் இன்னும் இதில்தான் பிழைக்கிறார்கள். மகிழ்ச்சிக்காக மீனைப் பிடித்துத் திருப்பி விடும் பயணி அவர்களின் வலைக்கு மேலே நூல் வீசும்போது, வலைக்காரரைச் சூழல் கெடுப்பவராகவும் தன்னை அதைக் காப்பவராகவும் எண்ணுவது அநீதி. விலையுயர்ந்த றொட் வைத்திருப்பவரால் மீனை விட முடிகிறது. அன்றைய உலைக்கு மீன் தேடுபவரால் முடியாது. வழி காட்டுபவராக, தோணி ஓட்டுபவராக, எந்தக் காலத்தில் எந்த ஓடையைத் தொடக்கூடாது என்று தீர்மானிப்பவராக வாவி மீனவர் இருக்கும்போதுதான் இந்த விளையாட்டு இங்கே நியாயமாகும்.

அதற்குச் சட்டமும் இடம் தருகிறது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் மீன்பிடி முகாமைத்துவப் பகுதிகளையும் அவற்றுக்கான குழுக்களையும் அமைக்க வழி செய்திருக்கிறது. மட்டக்களப்பு மீனவர் சங்கங்களும் கடற்றொழில் திணைக்களமும் அந்த வழியில் கொடுவாவுக்கு மேலெல்லை அளவு ஒன்றை வகுக்க வேண்டும். முகத்துவாரம் திறந்திருக்கும் வாரங்களில் அங்கே தூண்டிலையும் வலையையும் ஒருசேர நிறுத்த வேண்டும். அதுவரை காத்திராமல் தூண்டில்காரத் தம்பிமார் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: நீர் செம்மஞ்சளாகப் பொரியும் இடத்தைக் கண்டால் தவளையை எறியாதீர்கள்.