சிங்கப்பூரின் இரண்டு பழம்படங்கள்

அச்சில் வந்ததெல்லாம் வேதம் என்று கொள்ளும் வழக்கம் நம்மவரிடம் புராணங்களோடு நின்றுவிடவில்லை. பூகோளப் படங்களையும் அவ்வாறே நம்புகிறோம். 1507-ல் வால்ட்சீமுல்லர் என்னும் ஜெர்மானியர், தாம் கண்ணாலும் கண்டிராத நிலத்தின்மீது ‘அமெரிக்கா’ என்று பெயர் பொறித்தார். 1516-ல் வெளியிட்ட படத்தில் அவரே அப்பெயரை விட்டுவிட்டார். பெயரோ போகவில்லை.

நமது கரைக்கும் இத்தகைய படங்கள் உண்டு. ஒன்று, மானுவல் கொடின்ஹோ டி எரேடியா 1604-ல் வரைந்தது. அவர் மலாக்காவிலே பிறந்தவர்; தந்தை போர்ச்சுகீசியர், தாய் பூகிஸ் குலத்தினர். தீவின் வடிவத்தில் பிழை மலிந்திருக்கிறது. ஆயினும் தானா மேரா, பிடோக் என்று இன்றும் நாம் வழங்கும் பெயர்கள் அங்கே உள்ளன. துறைமுக அதிகாரியாகிய ஷாபந்தரின் இருப்பிடமும் குறிக்கப்பட்டிருக்கிறது. கரையில் வாழ்ந்தோர் வாய்ச்சொல்லுக்குச் செவி கொடுத்தவரின் படம் இது என்பது நமது அபிப்பிராயம்.

மற்றொன்று, ராபிள்ஸின் உத்தரவுக்கிணங்க லெப்டினென்ட் ஜாக்சன் 1822-ல் வகுத்த நகரப்படம். 1828-ல் கிராபர்டின் நூலில் லண்டனில் அச்சாயிற்று. ஐரோப்பியருக்கு ஓரிடம், சீனருக்கு ஓரிடம், அரபியருக்கும் பூகிஸ்காரருக்கும் வேறிடம், ஆற்றின் மேற்புறத்தில் ‘சூலியா கம்போங்’ என்று நம்மவருக்கு ஓரிடம். கோடுகள் நேர்த்தியானவை, ஆனால் அவை இருந்த ஊரைக் காட்டவில்லை, வேண்டிய ஊரைக் காட்டின. தோட்டத்துக் கிராணிகளாகிய நமக்கு இது புதிதன்று. ஆபீஸ் சுவரில் தொங்கும் படத்தில் பிளாக்குகள் சதுரம் சதுரமாக நிற்கும். மழைக்காலத்தில் முழங்கால்வரை புதையும் சதுப்பு அதில் வருவதேயில்லை.

‘அன்றே நமக்கு இடம் ஒதுக்கினார்கள்’ என்று இப்படத்தைக் காட்டிப் பெருமை கொள்வோர் உண்டு. ஒதுக்கப்பட்டதில் என்ன பெருமை என்பது நமக்கு விளங்கவில்லை. ஒதுக்கிய இடத்திலா தமிழர் நின்றார்கள்? 1826-ல் தோன்றிய ஜாமியா பள்ளிவாசலும் 1827-ல் எழுந்த மாரியம்மன் கோயிலும் இன்று சைனாடவுன் எனப்படும் பகுதியில், சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நிற்கின்றன. 1825 முதல் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள் சாலையும் தேவாலயமும் கட்டினார்கள். அவர்களுடைய சிறை பிராஸ் பாசாவில் இருந்தது. மாட்டுத் தொழிலைப் பற்றிக்கொண்டு நம்மவர் சிராங்கூன் ரோட்டில் குடியேறினர். அதுவே இன்றைய தேக்கா. அதை நமக்கென்று ஜாக்சன் குறிக்கவில்லை.

இப்படத்தை மீண்டும் பிரசுரிக்கும் பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தலைப்பின் கீழே ‘உத்தேசம்’ என்னும் ஒரு சொல்லைச் சிறிய எழுத்திலாவது சேர்க்கட்டும்.