1.12 பெரிதா, 1.74 பெரிதா?

அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிபவரின் ஓராண்டுத் திறனை ஒரே எண்ணால் மதிப்பிடும் வழக்கம் உண்டு. அவர் எறிந்தபோது எதிரணி எடுத்த ஓட்டங்களில், தம் அணியினரின் தடுப்புப் பிழையால் வந்தவற்றை நீக்கிவிட வேண்டும். எஞ்சியதை 9-ஆல் பெருக்கி, அவர் எறிந்த இன்னிங்ஸ்களால் வகுக்க வேண்டும். (முழு ஆட்டம் என்பது 9 இன்னிங்ஸ்.) விடை சிறிதாயின் எறிஞர் சிறந்தவர்.

1968-இல் செயின்ட் லூயிஸ் அணியின் பாப் கிப்சன் 304⅔ இன்னிங்ஸில் இவ்வாறு 38 ஓட்டங்களே கொடுத்தார். 2000-இல் பாஸ்டன் அணியின் பெட்ரோ மார்ட்டினெஸ் 217 இன்னிங்ஸில் 42 கொடுத்தார். வகுத்துப் பாருங்கள்: முன்னவருக்கு 1.12, பின்னவருக்கு 1.74. சாதனைப் பட்டியல்கள் கிப்சனை மார்ட்டினெஸுக்கு மேலே வைத்து அத்துடன் நின்றுவிடுகின்றன. வகுப்பில் எல்லோருமே 80 வாங்கிய தேர்வில் ஒருவன் 90 பெற்றதையும், எல்லோரும் திணறிய தேர்வில் மற்றொருவன் 85 பெற்றதையும் இப்படித்தான் ஒப்பிடுவீர்களா?

1968 எறிஞர்களின் ஆண்டு. அவர்கள் நின்று எறியும் மேடு 15 அங்குல உயரம் இருந்தது. மட்டையாளர்கள் படும் பாட்டைக் கண்டு 1969-இல் அதை 10 அங்குலமாகக் குறைத்தனர். நல்ல பந்து எனக் கொள்ளப்படும் எல்லையையும் சுருக்கினர். 1968-இல் கிப்சன் ஆடிய தேசிய லீகின் சராசரி எண்ணே 2.99. மட்டையாளர்கள் கொழித்த 2000-இலோ அமெரிக்க லீகின் சராசரி 4.91. அங்கு மார்ட்டினெஸுக்கு அடுத்த இடம் பெற்ற ரோஜர் கிளமென்ஸின் எண் 3.70!

இப்போது சராசரியால் வகுப்போம். கிப்சன் சராசரியில் 37 விழுக்காடு; மார்ட்டினெஸ் 35. பட்டியல் தலைகீழாகிவிட்டது.

இந்த விகிதத்தையும் முற்றாக நம்பிவிடாதீர்கள். எவ்வளவு எறிந்தார் என்பதை அது கூறாது. சராசரி எறிஞர் ஒருவர் கிப்சனின் இன்னிங்ஸ்களில் 101 ஓட்டங்கள் கொடுத்திருப்பார். ஆகவே கிப்சன் மிச்சப்படுத்தியது 63. மார்ட்டினெஸ் மிச்சப்படுத்தியது 76. இதிலும் அவரே முந்துகிறார். ஆனால் ஓட்டம் அருகிய காலத்தில் ஓர் ஓட்டத்தின் விலை அதிகம். அத்தனை சிறப்பாக எறிந்தும் கிப்சன் 9 ஆட்டங்களில் தோற்றாரே! அவருடைய அணிக்கும் அன்று ஓட்டங்கள் எளிதில் கிட்டவில்லை. அந்த விலையைச் சேர்த்தால் இருவரும் ஏறத்தாழச் சமமாகிவிடுவர்.

ஒரே ஓர் ஆட்டத்திற்கு ஆள் கேட்டால் நான் மார்ட்டினெஸைத்தான் அழைப்பேன். ஆண்டு முழுவதற்கும் எனில் கிப்சனை. தாம் தொடங்கிய 34 ஆட்டங்களில் 28-ஐ வேறெவரிடமும் ஒப்படைக்காமல் அவரே எறிந்து முடித்தார்.