நனையாத சோதனை

அகஸ்தியர்கூட மலையில் ஏற வனத்துறை அனுமதி கிடைத்தவர் முதலில் ஏறுவது கடைப்படியைத்தான். ஷூ, முதுகுப்பை, மழைக்கோட்டு, மடக்குத்தடி, நெற்றிவிளக்கு என்று எல்லாவற்றுக்கும் கைப்பேசியில் ஒரு பரிந்துரைப் பட்டியல் தயாராக இருக்கிறது. வாங்கியதை மாட்டிக்கொண்டு பொன்முடிச் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து பார்த்து, வித்துராவில் இறங்கிப் பரோட்டா தின்றுவிட்டால் 'டெஸ்ட்' முடிந்தது. இந்தப் பழக்கத்தை முழுக்கக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் சோதனை என்ற பெயரில் எது சோதிக்கப்படுகிறது என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை.

வழியைப் பாருங்கள். வித்துராவைத் தாண்டி, நலிந்துபோன தேயிலைத் தோட்டமான போணக்காடு வரை வண்டி போகும். அங்கிருந்து அதிருமலை முகாம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். மறுநாள் முகாமிலிருந்து 1,868 மீட்டர் உயர உச்சிக்கு இன்னும் ஏறத்தாழ 6. முதல் நாளில் கரமனையாறும் அட்டையாறும் இன்னும் சில ஓடைகளும் காலை நனைக்கும். பிறகு நிழலே இல்லாத புல்மேடு வரும். அதைக் கடந்தால் ஏழுமடக்கன் தேரி, முட்டிடிச்சான் தேரி என்று செங்குத்தான ஏற்றங்கள். இரண்டாம் நாள் ஈற்றை மூங்கில் காடு, பொங்காலைப் பாறை, கயிற்றைப் பிடித்து ஏறவேண்டிய வழுக்குப் பாறை, உச்சியில் ஆளைத் தள்ளும் காற்று. ஒன்றரை நாளுக்குள் ஆறேழு விதமான தரை, மூன்று விதமான வானிலை. பொன்முடியின் தார்ச்சாலை இவற்றில் எதற்கும் ஒத்திகை ஆகாது.

காட்டுப் பயணத்துக்கான சாமானைத் தேர்ந்து சோதிக்கும் அறிவு உலகில் பெரும்பாலும் படைவீரரிடமும் வேட்டைக்காரரிடமும் வளர்ந்தது. அமெரிக்காவின் ராக்கி மலைகளில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர் பல நாள் உணவையும் கூடாரத்தையும் தன் முதுகிலேயே சுமக்கிறார். மான் விழுந்தால் இறைச்சியைத் துண்டு துண்டாகச் சுமந்து இறக்குவதும் அவர் வேலைதான். ஆகவே அவருடைய சாமான் பட்டியலில் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு தோள்வலி இருக்கிறது. நம்முடைய மலைகளின் வேட்டை வரலாறு வேறு. துரைமார் காலத்தில் துப்பாக்கி துரையின் கையில் இருந்தது, கூடாரமும் பெட்டியும் பீங்கான் கோப்பையும் கூலிக்காரர் தலையில் போயின. சாமானைத் தேர்ந்தவருக்கு அதன் எடை தெரியாது; எடை தெரிந்தவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த வேட்டையும் நின்றது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022-இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. ஆனால் அது ஊர் ஓரத்துத் தோட்டத்தில், உரிமம் பெற்ற துப்பாக்கியோடு ஓர் இரவில் முடிகிற காரியம். அதிலிருந்து காட்டுப்பயணச் சாமான் அறிவு எதுவும் பிறக்காது.

இந்த இடைவெளியில்தான் வெளிநாட்டுப் பட்டியல்கள் வந்து உட்கார்ந்தன. அவை செய்த நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் மலையேறப் போகிறவர் பள்ளிக்கூடப் பையையும் பாட்டா கேன்வாஸ் ஷூவையும் நம்பித்தான் போனார். சுமையைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றலாம் என்பதும், காலுறை மடிந்தால் கொப்புளம் வரும் என்பதும், நகத்தை வெட்டாமல் இறக்கத்தில் இறங்கினால் நகமே போய்விடும் என்பதும் இந்தப் பட்டியல்கள் வழியாகத்தான் பலருக்குத் தெரிய வந்தன. பெண்களுக்கு இதில் தனி லாபமும் உண்டு. பெண்களும் ஏறலாம் என்று 2018 இறுதியில் வந்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் இந்த உச்சிக்கு ஏறினார். அதன்பின் பெண்களும் வருகிறார்கள். ஆண் முதுகின் நீளத்துக்குத் தைத்த பை பெண்ணின் இடுப்பில் சரியாக உட்காராது என்பதைப் பேசியவை அந்தப் பட்டியல்கள்தான், நம் கடைக்காரர்கள் அல்லர்.

குறை எங்கே என்றால், பட்டியலோடு அதன் ஊரின் குளிரும் சேர்ந்து வந்துவிட்டது. மழைக்கோட்டை எடுத்துக்கொள்வோம். 'உள்ளே நீர் புகாது, ஆனால் வியர்வை வெளியேறும்' என்று விற்கப்படும் விலை உயர்ந்த சவ்வுத்துணி எப்படி வேலை செய்கிறது? உடலை ஒட்டிய காற்றில் இருக்கும் நீராவியின் அழுத்தம் வெளியே இருப்பதைவிட அதிகம் என்பதால் ஆவி வெளியே தள்ளப்படுகிறது. வியர்த்த தோலருகே 34 பாகை வெப்பத்தில் அந்த அழுத்தம் சுமார் 53 மில்லிபார். மழை பெய்யும் 5 பாகைக் குளிரில் வெளியே இருப்பது 9 மட்டுமே. வித்தியாசம் 44. நம் காட்டில் 25 பாகை வெப்பத்தில் மழை பெய்யும்போது வெளியே 32 இருக்கும். வித்தியாசம் 21 ஆகிவிடுகிறது, பாதிக்கும் குறைவு. அதே துணி, அதே விலை, பாதிக்கும் குறைவான வேலை. இதோடு ஏற்றத்தில் ஊற்றும் வியர்வையையும் சேர்த்துக்கொண்டால், அரை மணி நேரத்தில் கோட்டுக்குள்ளேயே மழை பெய்துவிடும். துணி மோசமானதல்ல, அதைச் சோதித்த ஊர் வேறு. கடையில் மாட்டிப் பார்த்தபோதும் பொன்முடியில் காலை நடையிலும் இந்த உண்மை வெளியே வர வழியே இல்லை.

தூங்கு பையின் கதையும் இதுதான். அதன் மேல் அச்சிட்டிருக்கும் பாகை எண், குளிரூட்டிய அறையில் சூடேற்றிய பொம்மையைப் படுக்கவைத்து அளந்தது. ஈரக் காற்றில் இறகு திரண்டு தட்டையாகிவிடும் என்பதை அந்தப் பொம்மை சொல்லாது. அதிருமலையிலோ கூரை உண்டு, படுக்கப் பாய் கிடைக்கும். ஒரு கம்பளியும் காய்ந்த மாற்றுச் சட்டையும் போதுகிற இடத்துக்கு ஒன்றரைக் கிலோ பொதியைச் சுமந்து வருகிறவர்களைப் பார்த்தால், துரைமாரின் பீங்கான் கோப்பைதான் நினைவுக்கு வருகிறது. சுமக்கிறவர் மட்டும் மாறியிருக்கிறார்.

ஷூ விஷயத்தில் இந்த ஊருக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. அதைப் பட்டியல்கள் அநேகமாகத் தொடுவதில்லை. மலையேற்ற ஷூக்கள் பலவற்றில் அடிப்பாகத்துக்கும் மேல்பாகத்துக்கும் நடுவே பாலியூரித்தேன் மெத்தை ஒன்று உண்டு. காற்றில் உள்ள ஈரம் அந்தப் பொருளின் இணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் இது நடக்கும். திருவனந்தபுரத்து ஈரத்தில், பல மழைக்காலங்களை அலமாரிக்குள் கழித்த ஷூ பார்வைக்குப் புத்தம் புதிதாக இருக்கும். இரண்டாவது ஓடையைக் கடந்ததும் அடிப்பாகம் வாயைப் பிளக்கும். பிறகு கயிற்றால் கட்டிக்கொண்டு நொண்ட வேண்டியதுதான். முதுகுப்பையின் உட்பூச்சு பிசுபிசுப்பதும், மழையுறை செதில் செதிலாக உதிர்வதும் அதே காரணத்தால்தான். ஆண்டுக்குச் சில வாரங்களே திறக்கும் மலைக்காக வாங்கிய சாமான், மீதி மாதங்களில் வீட்டிலேயே கெட்டுப்போகிறது. வாங்கிய நாளில் செய்த சோதனை ஜனவரியில் செல்லாது. புறப்படுவதற்கு முந்தின வாரம் ஷூவை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, இரு கையாலும் வளைத்து, மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது நூறு பரிந்துரைகளைவிடப் பயன்படும்.

ஷூவின் எடையையும் பார்க்கவேண்டும். காலில் ஏற்றிய எடை உடம்பிடம் எவ்வளவு பிடுங்குகிறது என்பதை 1969-இல் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சோல், கோல்ட்மன் இருவரும் அளந்தார்கள். உடலோடு ஒட்டிய எடையைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு என்று வந்தது. கணுக்காலை மூடிய கனத்த தோல் ஷூ பனிமலைக்குப் பொருந்தும். ஓடை ஓடையாக நனைந்து தண்ணீரையும் சேர்த்துச் சுமக்கும் காலுக்கு, நீரை உடனே வடித்துவிடும் இலேசான ஷூ மேல். ஆனால் நம்மவர்கள் 'வாட்டர்புரூஃப்' என்ற சொல்லுக்கு மயங்குகிறார்கள். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டால், அந்த ஷூ உள்ளே புகுந்த நீரை வெளியே விடாமல் காப்பதில்தான் சமர்த்தாக இருக்கும்.

அட்டைக்கு வருவோம். ஜனவரியில் அட்டை குறைவு என்றாலும், பிற்பகல் மழை ஒன்று பெய்துவிட்டால் கணக்கு மாறும். காலில் உப்பைத் தடவிக்கொள்வது பழைய வழி. முதல் ஓடையிலேயே கரைந்துபோகும். புகையிலையை ஊறவைத்த எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். நெருக்க நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த அட்டைக் காலுறைதான் நம்பகமானது. பின்னலாடைக் காலுறையின் கண்கள் வழியே அட்டை நுழைந்துவிடும். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நெசவின் நெருக்கம் தெரிந்துவிடும். விலை குறைந்த சாமானுக்குச் சோதனையும் எளிது.

வேட்டைக்காரரின் பட்டியலில் இந்த மலைக்கு உண்மையாகவே உதவக்கூடிய ஒரு பகுதி இருக்கிறது. அதைத்தான் நம்மவர்கள் விட்டுவிட்டார்கள். வேட்டைக்காரர் துணியை விரலால் கசக்கி ஓசை கேட்பார். பையின் ஒட்டுப்பட்டையைப் பிரித்துப் பார்த்து, 'சர்ர்' என்றால் கழித்துவிடுவார். மான் ஓடிவிடும் என்பது அவர் கவலை. நமக்கு வேறு கவலை. ஈற்றைக் காடு யானையின் சாப்பாட்டு அறை. முன்னே போகிற, காணிக்காரப் பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டி கண்ணைவிடக் காதைத்தான் நம்புகிறார். எங்கேயோ ஒடியும் ஒரு தண்டின் ஓசைக்காக அவர் நிற்கும்போது, பின்னால் பத்துப் பேரின் சவ்வுக்கோட்டுகள் சலசலத்துக்கொண்டும், தடிகளின் இரும்பு முனைகள் பாறையில் டிங் டிங்கென்று தட்டிக்கொண்டும் வந்தால் அவருக்கு என்ன கேட்கும்? நான் பார்த்த விமரிசனங்களில் எடை, விலை, நிறம் எல்லாம் இருந்தன, ஓசை இல்லை. பைக்கு வெளியே தொங்கவிட்ட கோப்பையும் பாயும் ஈற்றையில் சிக்கி இழுக்கும் என்பதையும் யாரும் எழுதக் காணோம்.

காணிக்காரர்களைப் பற்றிப் பேசாமல் இந்த மலையில் சாமானைப் பற்றிப் பேச முடியாது. 1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் தலைமையிலான அறிவியலாளர்கள் இந்தக் காட்டில் தாவரங்களைப் பற்றிய ஆய்வுக்காக நடந்தபோது, உடன் வந்த காணிக்காரர்கள் ஒரு சின்னக் காயை மென்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். விசாரித்ததில் கிடைத்ததுதான் ஆரோக்கியப் பச்சை என்ற செடி. அதிலிருந்து பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. வருவாயில் பங்கைக் காணிக்காரர்களுக்கே கொடுக்க 1997-இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. அந்தப் பங்கீட்டில் குறைகள் உண்டு, அது தனிக் கதை. இங்கே எனக்கு முக்கியம், கூட நடந்தவர்களிடம் 'நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்' என்று ஒரு முறையாவது யாரோ கேட்டார்கள் என்பது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு 'அவர்களைப் போல வெறுங்காலோடு போனால் போதும், ஷூவெல்லாம் வியாபாரம்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. சிறுவயது முதல் காட்டுத்தரையில் பழகிய பாதம் வேறு, அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து வந்த பாதம் வேறு. அவர்களுடைய வெட்டுக்கத்தியும் தோர்த்துத் துண்டும் குறைவான சாமான் என்று தோன்றுவதற்குக் காரணம், மீதியை அவர்கள் காட்டிலேயே எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் என்பது. சரணாலயத்துக்குள் அனுமதிச் சீட்டோடு வரும் நமக்கு அந்தத் திறமையும் இல்லை, உரிமையும் இல்லை. அவர்களிலும் இளையவர்கள் ஷூ போட்டுத்தான் நடக்கிறார்கள். அது அவர்கள் விருப்பம்.

சோதனை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இதே மலையில் பழைய முன்மாதிரி உண்டு. திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரௌன் 1855-இல் இந்த உச்சியில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். காந்தமானியின் அளவைக் கீழே நகரத்திலும் மேலே உச்சியிலும் எடுத்து ஒப்பிடுவது அவர் முறை. உச்சியின் அளவு தனியாக எதையும் சொல்லாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் விமரிசகர்களோ ஒரே ஷூவைப் போட்டுக்கொண்டு போய் 'அருமை' என்று எழுதுகிறார்கள். எதோடு ஒப்பிட்டு? இடது காலில் ஒரு காலுறை, வலது காலில் இன்னொரு காலுறை என்று மாட்டி, ஓடையில் நனைத்து, நனைந்தபடியே நான்கு மணி நேரம் நடந்து, மறுநாள் காலையில் எது இன்னும் ஈரம் என்று பார்க்க எவ்வளவு செலவாகும்?

என் கருத்தில், இந்த மலைக்கு வேண்டிய சாமானில் பாதியைத் தனித்தனியாக வாங்குவதே தவறு. மழைக்கோட்டு, பை, தடி, கம்பளி ஆகியவற்றைப் போணக்காட்டில் வனத்துறையின் சூழல் மேம்பாட்டுக் குழு வாடகைக்கு வைக்கலாம். குழுவிலேயே காணிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான முதுகுகளில் ஏறி இறங்கும் சாமானை அவர்கள் கையால் பார்த்துக் கழிப்பார்கள். எது ஈற்றையில் கிழிந்தது, எது ஓசை போட்டது என்று அவர்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் அதைப் பூசணம் பிடிக்காமல் யார் காப்பது, கிழிந்ததற்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்விகள் வரும். அவை தீர்க்கக்கூடியவை. ஷூவும் அட்டைக் காலுறையும் மட்டும் அவரவர் சொந்தமாகத்தான் இருக்கவேண்டும். பிறர் பாதம் பழகிய ஷூவை இரவல் வாங்கி 20 கிலோமீட்டர் ஏறி இறங்க முடியாது.