நிலமும் பொழுதும்: வன்னி மாணவர் நிழற்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பைப் பிறர் எடுத்த படங்கள் பல. அந்நிலத்துப் பிள்ளைகள் எடுத்தவை சில. 2009ஆம் ஆண்டில் முள்ளிவாய்க்காலை உலகம் பெரும்பாலும் செய்மதிப் படங்களினூடாகவே கண்டது. போர் ஓய்ந்தபின் வந்த பயணிகள் கிளிநொச்சியில் சரிந்து கிடந்த நீர்த்தாங்கியின் முன் நின்று படமெடுத்துச் சென்றனர். அந்நிலத்துக் குடும்பங்கள் பலவோ தம் வீட்டு நிழற்படங்களை இடப்பெயர்வுகளின்போது இழந்திருந்தன. ஆகலின், வன்னிப் பாடசாலை மாணவர் ஒருவர் கைத்தொலைபேசியை உயர்த்திக் குளத்தையோ காட்டையோ படமெடுக்குங்கால், அது வெறும் பொழுதுபோக்கன்று. ஊருக்கு இல்லாதுபோன ஆவணம் ஆங்கே மீண்டும் தொடங்குகின்றது. அத்தகைய படங்களைக் கனிவுடன் தட்டிக்கொடுத்து விடுவது போதாது. அவற்றைத் திறனாய்ந்து நோக்குதல் வேண்டும்.

சுற்றாடல் என்னும் பொருளில் மாணவர் எடுக்கும் படங்களில் சில காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இரணைமடுக் குளத்தில் சாயும் ஞாயிறு, ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு, வெடித்த வயலில் முளைத்த ஒரு செடி என்பன அவை. கண்ணுக்கினியன அவற்றுள் உள. எனினும் அவை நாட்காட்டிப் படங்களிற் பழகிய கண் எடுத்தவை. சாயும் ஞாயிறு எந்நாட்டுக் குளத்திலும் அவ்வாறே சாயும். இரணைமடுவுக்கே உரியது அப்படத்தில் யாதும் இல்லை.

குறை எங்குள்ளது என்பதைத் தமிழ் மாணவர் அயலில் தேடவேண்டியதில்லை. நிலமும் பொழுதும் இரண்டுமே முதற்பொருள் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. மரமும் பறவையும் விலங்கும் கருப்பொருளாய் அவற்றின் பின்னரே வருவன. மாணவர் படங்களில் நிலம் உண்டு, கருப்பொருள் நிரம்ப உண்டு, பொழுது இல்லை. மாலை ஒளி இருக்கின்றதே எனலாம். அது சிறுபொழுது, சுற்றாடலின் கேடும் நலமும் பெரும்பொழுதிலன்றோ வெளிப்படுவன!

கனகராயன் ஆற்று நீரைத் தேக்கும் இரணைமடுவையே எடுத்துக்கொள்வோம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் அது கடல்போற் கிடக்கும். புரட்டாதியில், சிறுபோகம் முடிந்தபின், குளத்தின் தரை வெளித்தெரியும். இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து, வளம் என்றோ வறட்சி என்றோ பெயரிடுவது அரை உண்மை. 2018ஆம் ஆண்டு மார்கழியில் பெருவெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பல்லாயிரவரை வருத்தியது. அணைக்கட்டின் ஒரே இடத்தில் நின்று மாதந்தோறும் எடுத்த பன்னிரண்டு படங்கள் வரிசையாக இருப்பின், அத்தகைய மார்கழி எவ்வாறு வேறுபட்டதென்பதை அவ்வரிசையே காட்டும். ஆற்றோரத்து மணல் அகழ்வுக்கும், முதிரையும் பாலையும் குறைந்துவரும் காட்டுக்கும் இது பொருந்தும். குறைதல் என்பது ஒரு கணத்தில் நிகழ்வதன்று. ஒரு கணப் படத்தில் அஃது எவ்வாறு அகப்படும்?

படம் சொல்லமாட்டாதது இன்னொன்றும் உண்டு. கிளிநொச்சி மாவட்டத்து முகமாலை, இரு தரப்பினரின் முன்னரண்களுக்கிடையே பல்லாண்டு கிடந்த நிலம். மிதிவெடிக்கு அஞ்சி மனிதர் நுழையாத இடங்களிற் பற்றை செழித்து வளர்ந்தது. அப்பசுமையை மட்டும் எடுத்துக் காட்டினால், நோக்குவார் இயற்கையின் வெற்றியென்று மகிழ்வர். வேலியையும் அபாயப் பலகையையும் சட்டத்துள் அடக்கினால் பொருள் தலைகீழாகும். எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்பதே படம் ஆக்குதலின் முதற்கேள்வி. ஒளியின் அளவு, கோணம் என்பவற்றைக் கற்பிக்கும் பயிற்சிகள் இக்கேள்விக்குப் போதிய நேரம் ஒதுக்குவதில்லை.

பிள்ளைகளுக்கு இது பெருஞ்சுமை அன்றோ என ஐயுறுவார்க்கு விடை அமெரிக்காவிலிருந்து கிடைக்கின்றது. வெண்டி ஈவால்ட் என்னும் ஆசிரியை 1975 முதல் கென்டக்கி மலைப்பகுதியில், நிலக்கரி அகழப்படும் ஊர்களின் பிள்ளைகளிடம் எளிய கமராக்களைக் கொடுத்துப் பழக்கினார். தம்மையும் குடும்பத்தையும் விலங்குகளையும் கனவுகளையும் படமாக்குமாறு பணித்தார். படங்களைக் கழுவி அச்சிடவும் கற்பித்தார். 1985இல் அவை நூலாயின. உற்ற நண்பனைத் தான் கொன்றதாகக் கனவு கண்ட சிறுவன் ஒருவன், அந்நண்பனின் தலையை மரக்கவட்டிற் சாய்க்கச் செய்து, கண்மூடிய நிலையில் எடுத்த படம் அவற்றுள் ஒன்று. அதில் அழகுக் காட்சி இல்லை. ஆயினும் ஒருமுறை கண்டவர் அதனை மறத்தல் அரிது. சிறுவர்க்கு ஆக்கும் ஆற்றல் உண்டு. கேட்கும் ஆசிரியரே அரியர்.

தமிழகத்தில் மீன் விற்ற தாயின் வாழ்வைப் படமாக்கிய பழனி குமார், உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இக்கலையைப் பயிற்றியபோது, அவர்கள் தம் பெற்றோரின் தொழிலையே எடுத்தனர். வன்னி மாணவர் படங்களில் மனிதர் அருகியே காணப்படுவது இதனோடு ஒப்பிடத்தக்கது. வலை இழுப்பவரும் வரம்பு கட்டுபவரும் இல்லாத சுற்றாடல் ஏது?

ஒற்றைப் படம் ஒருபோதும் போதாது எனத் துணிந்துரைத்தலும் பிழையாகும். யாழ்ப்பாணத்துக் கலைஞர் தர்மபாலன் திலக்சன் 2020இல் கிழக்கிலங்கையின் ஒலுவிற் பகுதிக் குப்பைமேட்டில் இரைதேடும் யானைகளை எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் தனித்தே நிற்பன. அங்கே குப்பைமேடுதானே பல்லாண்டுகளின் குவியல்! பொழுது அங்குப் பொருளாகவே திரண்டு கிடந்தது. அத்தகைய காட்சி வாய்ப்பது அருமை. குளமும் காடும் அவ்வளவு எளிதிற் பேசுவதில்லை.

சுற்றாடல் தினமாகிய யூன் 5ஆந் திகதிக்கென நடத்தும் போட்டிகள் ஒருவரிடம் ஒரு படமே கேட்பது இவ்விடத்தில் இடையூறாகின்றது. தையில் எடுத்த நீர் நிறைந்த குளம், வைகாசி வெயிலில் தேதியின்றி அனுப்பப்பட்டுப் பரிசு பெறவும் கூடும். அதே குளத்தை இரு பருவங்களில் எடுத்த இணைப்படங்களை ஏற்குமாறு விதியை மாற்றுவதற்குச் செலவேதும் இல்லை. எடுத்த நாளையும் நின்ற இடத்தையும் மாணவர் தம் கையாலேயே படத்தின் பின்புறம் எழுதி, பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதி வைக்கச் செய்யலாம். கைத்தொலைபேசி பழுதானால் அதிலுள்ள படங்களும் போய்விடும். வன்னிக் குடும்பங்கள் ஒருமுறை இழந்தது போதும்.