கண்டி வாவியும் இராஜகாரியமும்

கட்டடக்கலையை மதிப்பிட முனைவோர் உருவ அழகோடு அமைந்துவிடுவது வழமை. ஒரு கட்டடம் யாருக்காக எழுந்தது, யாருடைய உழைப்பினால் எழுந்தது என்னும் வினாக்கள் வரலாற்று மாணவனுக்குரியனவென ஒதுக்கப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டியில் எழுந்த ஆக்கங்கள் இப்பிரிவினை பொருந்தாதென்பதை உணர்த்துகின்றன.

சிறீ விக்கிரம இராஜசிங்கன் ஆட்சியில் (1798–1815) தலதா மாளிகையின் முன்னே பத்திரிப்புவ என்னும் எண்கோண மண்டபம் கட்டப்பட்டது. அதனை அமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி என்பது மரபு. மாளிகை முகப்பினின்று முன்னோக்கி, அகழியோரமாக நிற்கும் அம்மண்டபத்திலிருந்து அரசன் மக்களுக்குக் காட்சியளித்தான். அரசனைத் தொலைவிலிருந்தும் காணச் செய்வதே அதன் அமைப்பின் நோக்கம் எனலாம். வயல்நிலத்தை அணையிட்டு வாவியாக்கியமையும், முகில் வடிவான வெண்சுவரால் அதனைச் சூழ முனைந்தமையும் இந்நோக்கின் விரிவே. அச்சுவர் வாவியை இன்றும் முழுமையாகச் சூழவில்லை.

இவற்றை எழுப்பியோர், தாம் அனுபவித்த நிலத்துக்கு ஈடாக ஊழியஞ் செய்யக் கடமைப்பட்ட குடிகள். இராஜகாரியம் எனப்பட்ட அம்முறை தலைநகரை அழகுபடுத்தத் திருப்பப்பட்டபோது குடிகளின் வெறுப்பும் வளர்ந்தது. இக்கட்டடங்களின் அழகை ஏற்கும் எவரும் இவ்வுண்மையை மறைத்தல் ஆகாது.

ஆயின், 1815 மார்ச் 2ஆம் திகதி அரச மண்டபத்தில் கைச்சாத்தான ஒப்பந்தம் வேறொன்றையும் செய்தது. தென்னிந்திய நாயக்கர் வழிவந்த அரசனை ‘மலபார்’ ஆட்சியாளன் எனக் குறித்து, கொடுமையை அவனது பிறப்போடு பிணைத்தது. இக்கூற்றினைப் பின்வந்த கட்டுமானங்களே மறுத்துரைக்கின்றன. 1820களில் தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியை அமைத்தபோது மலையை வெட்டியதும் அதே இராஜகாரிய உழைப்புத்தான். வாவிக்குக் கட்டாய உழைப்பைப் பெற்றவன் கொடுங்கோலன் எனப்பட்டான். வீதிக்கு அதனைப் பெற்றவர் முன்னேற்றத்தின் முன்னோடி எனப் போற்றப்பட்டார். வேலூரிற் சிறைவைக்கப்பட்ட அரசன் 1832இல் இறந்தான். இராஜகாரியம் ஒழிக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே.

எனவே, கொடுமையின் வேர் ஆள்பவனின் இனத்திலன்று, உழைப்பை ஆண்ட முறையிலேயே இருந்தது. வாவியை அரசனின் பெருமையென்றோ கொடுமையென்றோ மட்டும் காணும் விமர்சனம் குறையுடையது. அதன் அழகை ஆக்கியவர்கள் பெயரறியாக் குடிகள். மதிப்பீடு அவர்களிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.